மன்னிப்புக்கு எட்டுப் பாட்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் இருந்தவரிடமிருந்து கிடைத்தது. பசறை தாண்டி ஓரிடத்தில் மண் சரிந்து பாதையை மறித்திருந்தது. அதை அள்ளி முடியும்வரை பஸ் அசையாது என்று நடத்துனர் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். திடீரென்று கண்ணைத் திறந்து, காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி, "சீ! நல்ல பாட்ட கொண்டுபோயி நாலாவதா வச்சுக் கெடுத்துட்டான்" என்றார்.

செபத்தில் இப்படியெல்லாம் வராதே என்று பேச்சுக் கொடுத்தேன். மண் அள்ளி முடிந்தபோது என்னிடம் ஒரு கதை இருந்தது.

எழுத உட்கார்ந்ததும்தான் தொல்லை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

[நமுனுகுல மலையின் மேல் மூடுபனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல...]

வேண்டாம். மலையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தச் சேலையை ஒருமுறை உடுத்திக் கழற்றிவிட்டார்கள்.

[இசை என்றால் என்ன? மனிதன் ஏன்...]

எனக்குத் தெரியாது. கிட்டாரில் இரண்டு வகை உண்டு என்பதே அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

[றீட்டா பழிவாங்க முடிவு செய்தாள்.]

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

றீட்டா பழிவாங்க முடிவு செய்தாள். (பஸ்ஸில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. பெயரும் நான் வைத்ததுதான். அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் றொக்கா ஒரு பேரு கெடைக்கலியா?" என்று கேட்டார்.)

றீட்டா நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவமாது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் தோறும் நடந்து கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது வேலை. எல்லோருக்கும் அவள் 'மிஸி'. நடக்கும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் இருக்கும். மற்றக் காது நாய்களுக்கும், "மிஸி, கொஞ்சம் இங்க வந்துட்டுப் போங்க" என்ற குரல்களுக்கும்.

அவளையும் சேர்த்து, றொக் இசைப் பைத்தியம் பிடித்த ஆறு பேர் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருவர் நடுவர். அவர் ஒரு தலைப்புக் கொடுப்பார். மற்றவர்கள் அந்தத் தலைப்புக்கு எட்டுப் பாட்டைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். பண்டாரவளையில் புத்தகக் கடையில் வேலை செய்யும் ரொஷானி அவற்றை வாங்கி, பெயரை மறைத்து, இலக்கமிட்டு நடுவருக்குக் கொடுப்பாள். நடுவர் ஒரு பாட்டையும் தாண்டிப் போகாமல் கேட்டு, குரல் பதிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.*

* பாட்டுகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டைத் தேடப் போய்விடுவீர்கள்.

ஆறு பேரில் நான்கு பேர் இந்தக் கதைக்குப் போதும். மற்ற இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். றீட்டாவும் ரொஷானியும் வந்துவிட்டார்கள். மூன்றாமவன் ஜெசிந்தன், ஹல்துமுல்லையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். நான்காமவர் பஸீல்; மற்றவர்களுக்கு 'நானா', அதாவது அண்ணன். பதுளை டவுனில் பஸ், முச்சக்கர வண்டி இருக்கைகளுக்குக் குஷன் தைக்கும் கடை வைத்திருப்பவர். குழுவிலேயே நல்ல காது அவருக்கு. குழுவிலேயே பொல்லாத வாயும் அவருக்குத்தான்.

போன மாதம் பஸீல் நடுவர். தலைப்பு, 'ஏற்றம்'. றீட்டாவின் பட்டியலுக்குக் கடைசி இடம். அதை அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாமல் போனது அந்தக் குரல் பதிவு.

"அஞ்சாம் லிஸ்ட்ட கேக்கக்குள்ள கிளினிக்ல ஊசிக்கி லைன்ல நிக்கிற மாதிரி ஈக்கிது. ஒவ்வொண்டா வருது, ஒவ்வொண்டா அழுவுது. கடசிப் பாட்டு என்னத்துக்கு எண்டு படச்சவனுக்குத்தான் வெளங்கும்."

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

கிளினிக். ஊசி. பெயரை மறைத்துத்தானே அனுப்பியது?

அந்தக் கடைசிப் பாட்டின் கதை அவர்களில் யாருக்கும் தெரியாது. றீட்டா வேலைக்குச் சேர்ந்த புதிதில், வலி எடுத்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி கிடைக்காமல் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். பாதி வழியில், தேயிலைச் சாக்குகளுக்கு நடுவில், றீட்டாவின் கையில் பிள்ளை பிறந்தது. சாரதி பதற்றத்தில் ரேடியோவை நிறுத்த மறந்துவிட்டார். பிள்ளை அழுததும் அந்தப் பாட்டில் ட்ரம்ஸ் தொடங்கியதும் ஒன்றாக நடந்தன. றீட்டா றொக் கேட்கத் தொடங்கியது அன்றுதான்.

3

இந்த மாதம் நடுவர் றீட்டா. தலைப்பை ஒரே சொல்லில் அனுப்பினாள்: 'மன்னிப்பு'.

ஜெசிந்தன் அவளுக்குத் தனியாக எழுதினான்: "அக்கா, இது யாரோ ஒரு ஆளுக்கு வச்ச பொறி மாதிரி இருக்கே."

"தலைப்புதான் தம்பி. நீ பாட்டத் தேடு."

அவள் திட்டம் எளிமையானது. பஸீல் மன்னிப்புக் கேட்கும் பட்டியல் ஒன்றைச் செய்தாக வேண்டும். அதை அவள் எல்லோர் முன்னாலும் கடைசியில் போட வேண்டும். என்ன சொல்லிப் போடுவது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தாள். "இந்த லிஸ்ட்டு ஓட்ட விழுந்த குஷன் மாதிரி, ஒக்காந்தா உள்ள போயிருது." சொல்லிப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் எனக்கு றீட்டாவின் மேல் சந்தேகம் வந்தது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற ஒருத்திக்கு இவ்வளவு வன்மமா? கொஞ்சம் குறைத்து எழுதி, பஸ்ஸில் சந்தித்தவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "கொறைக்காதீங்க. எனக்கு அதவிடக் கூடத்தான் இருந்துச்சு."

4

ரொஷானி ஐந்து பட்டியல்களை அனுப்பினாள். றீட்டா கேட்டுக்கொண்டே லயங்களுக்கு நடந்தாள்.

முதலாவது சுமார். மூன்றாவதில் மன்னிப்பைவிடக் காதல்தான் அதிகம். ஐந்தாவதை அனுப்பியவர் தலைப்பையே வாசிக்கவில்லை. இரண்டாவது அவளை நிறுத்தியது. அதன் முதல் பாட்டு, போன மாதம் அவள் வைத்த கடைசிப் பாட்டு. கொழுந்து லொறியில் கேட்ட அதே பாட்டு. அதற்குப் பிறகு வந்த ஏழும் மெல்லிய, தழுதழுத்த குரல்கள்.

[மழை கொட்டியது. றீட்டா தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று விம்மி விம்மி...]

இதை வாசித்துவிட்டு அவர் எழுதினார்: "மழையில தேயிலைக்குள்ள நின்னா அட்ட ஏறும். யாரும் விம்ம மாட்டாங்க. காலத் தட்டிக்கிட்டு ஓடுவாங்க."

சரி. றீட்டா காலைத் தட்டிக்கொண்டு ஓடினாள். ஆனால் ஓடிக்கொண்டே அந்த முதல் பாட்டை மறுபடியும் வைத்தாள். இதற்கு அவரும் மறுப்புச் சொல்லவில்லை. பஸீல் நானா மன்னிப்புக் கேட்டுவிட்டார், அதுவும் இவ்வளவு பக்குவமாக. ஓட்டை விழுந்த குஷன் வசனத்தை அவள் மனதுக்குள் அழித்தாள்.

பிறகு நான்காவதைக் கேட்டாள். கேட்டுவிட்டு இன்னொரு தரம் கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் எதையும் கேட்கவில்லை.

5

தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில், நிறுப்பதற்காகக் கொண்டுவந்த குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, றீட்டா தீர்ப்பைப் பதிவுசெய்தாள்.

"ரெண்டாம் லிஸ்ட்டு எனக்குன்னே போட்டது. கேட்டதும் மனசு எளகிருச்சு. ஆனா மனசு எளகுனதுக்காக மொத எடம் குடுத்தா, அது தீர்ப்பில்ல. நாலாம் லிஸ்ட்டுல மன்னிப்புன்னு ஒரு வார்த்த கெடையாது. மொதல்ல கத்துது, சண்டைக்கு வருது. பொறகு காரணம் சொல்லுது. பொறகு வாத்தியம் ஒவ்வொன்னா வெளிய போயி, கடைசியில ஒரே ஒரு கிட்டார் வாசல்ல வந்து நிக்குது. உள்ளயும் வரல, திரும்பியும் போகல. இந்தக் குழுவுல நான் கேட்டதுலயே இதுதான் நல்ல லிஸ்ட்டு. மொத எடம் நாலு. அடுத்தது ரெண்டு. பஸீல் நானா, கோவிச்சுக்காதீங்க."

அனுப்பியதும் அவளுக்குத் தன்மீதே மரியாதை வந்தது. மன்னிப்புக் கேட்டவரையே இரண்டாமிடத்தில் வைத்த நடுவர்!

ரொஷானி எழுதினாள்: "அக்கா... நாலுதான் பஸீல் நானாட லிஸ்ட்டு. ரெண்டு ஜெசிந்தனோடது."

ஜெசிந்தனின் பதிலும் வந்தது. "அன்னைக்கு நானும் சிரிச்சேன் அக்கா. அதான்."

றீட்டா பதிவை அழிக்கப் போனாள். எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள். பழிவாங்கப் புறப்பட்டவள், பழிவாங்க வேண்டிய ஆளின் தலையில் தன் கையாலேயே கிரீடத்தை வைத்துவிட்டாள். போதாக்குறைக்கு, தனக்காக உருகிய பிள்ளையை இரண்டாவதாக்கியிருந்தாள். உள்ளே ஒரு குழந்தை விழித்து அழுதது. அவளுக்கும் அப்படியே கத்த வேண்டும் போலிருந்தது.

விநோதம் என்னவென்றால், பஸீல் கொண்டாடவில்லை. ஒரு சிரிக்கும் முகம்கூட அனுப்பவில்லை. சில நாள் கழித்துத் தனியாக ஒரு செய்தி வந்தது. "டவுனுக்கு வந்தா கடப் பக்கம் வாங்க. ஒண்டு கேக்கோணும்."

6

இங்கே நிறுத்திவிட்டு மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், றீட்டா கடைக்குப் போகாமல் குழுவை விட்டு விலகி, தனிக் குழு தொடங்குகிறாள். எழுத எழுத எனக்கே அலுத்தது. இரண்டாவது, ரொஷானியின் ஆசை: றீட்டாவும் ஜெசிந்தனும் ஒன்றுசேர வேண்டுமாம். அவன் அவளை வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுகிறான். விடுங்கள். மூன்றாவதில், நான்காம் பட்டியல் றீட்டாவுக்காகத்தான் செய்தது என்று பஸீல் சொல்கிறார், இருவரும் கண் கலங்குகிறார்கள், வெளியே மழை நிற்கிறது. மிக அழகாக வந்தது. அவ்வளவு அழகாக வந்ததால்தான் நம்பிக்கை வரவில்லை. நடந்தது வேறு.

7

கடைக்குள் பஸ் இருக்கைகள் பஸ் இல்லாமல் வரிசையாக இருந்தன. பஸீல் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு இருக்கையைத் துடைத்து, "இரிங்க மிஸி" என்றார். மிஸி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த லிஸ்ட்டு எனக்கா போட்டீங்க?" றீட்டா நேரடியாகக் கேட்டாள்.

"இல்ல. என்ட தம்பிக்கி. இத்ரூசுக்கு."

இத்ரூசுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சுத் திக்கும். அவனுடைய கல்யாண விருந்தில் யாரோ மைக்கைக் கையில் கொடுக்க, பஸீல் மாப்பிள்ளை பேசுவது போல் திக்கித் திக்கிப் பேசிக் காட்டினார். மண்டபமே சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்துவிட்டாள். இத்ரூஸ் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு லுணுகலையோடு இருந்துவிட்டான். அண்ணன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

"நாலு பேர் சிரிச்சா என்ட வாய் நிக்காது மிஸி. ஒங்கட லிஸ்ட்டயும் தெரிஞ்சேதான் சென்னேன். ஊசி எண்டா எல்லாரும் சிரிப்பாங்க எண்டு தெரியும்." அவர் கத்தரிக்கோலை எடுத்துத் திரும்ப வைத்தார். "அவனும் பாட்டுக் கேக்கிறவன். பேசினா எனக்குச் சிரிப்புக்கு ஏதாவது பகிடி வந்துரும். அதால பாட்டா அனுப்புவோம் எண்டு நெனச்சேன். நல்லா ஈக்குதா எண்டு பாக்கத்தான் போட்டியில போட்டது. நீங்க மொதலாவதெண்டு சென்னீங்க. அனுப்பவா?"

ஆம் என்றால் எல்லாம் இனிமையாக முடியும். றீட்டா அந்தப் பட்டியலின் கடைசிக் கிட்டாரை நினைத்துப் பார்த்தாள். உள்ளேயும் வராமல், திரும்பியும் போகாமல்.

"லிஸ்ட்டா இது மொதலாவது, நானா. மன்னிப்பா இது கடைசி."

பஸீல் வாயைத் திறந்தார். ஒரு பகிடி வந்து உதட்டில் நின்றதை அவளால் பார்க்க முடிந்தது. அதை அவர் விழுங்கினார்.

"ஏன்?"

"அவரு எட்டுப் பாட்டையும் கேட்டு, நீங்க என்ன சொல்ல வாறீங்கன்னு அவரே கண்டுபுடிக்கணுமா? பட்டது அவரு. அந்த வேலையும் அவருக்கா?"

பஸீல் குனிந்து, தரையில் கிடந்த ரெக்சின் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"றீட்டா. போன மாசம் ஒங்கள நாலு பேருக்கு முன்னால சிரிப்பாக்கினேன். அது பிழ. மன்னிச்சிக்கோங்க." அவள் முகத்தைப் பார்த்தார். "இப்பிடியா?"

"இப்பிடித்தான்" என்றாள் றீட்டா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் இன்னும் மன்னிக்கல. ஆனா சொன்னது சரியா இருந்துச்சு" என்றாள்.

அவர் சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. போனை எடுத்து, "அவன் எடுக்க மாட்டான்" என்றார்.

"ஒங்க நம்பர்னா எடுக்க மாட்டாரு. இந்தாங்க." தன் போனை அவர் கையில் வைத்துவிட்டு, றீட்டா கடையை விட்டு வெளியே வந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பஸ் இருக்கைகளுக்கு நடுவில், பஸீல் போனைக் காதில் வைத்தபடி நிற்பது தெரிந்தது. வாய் இன்னும் அசையவில்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளின் கிழிந்த சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"கட மூடியா?"

"தொறந்துதான் இருக்கு. கொஞ்சம் நில்லுங்க அண்ணே."

"உள்ள ஆள் நிக்கிதே!"

"நிக்கட்டும்."

இத்ரூஸ் எடுத்தானா, எடுத்தால் என்ன சொன்னான் என்பது றீட்டாவுக்குப் பிறகு தெரியவந்தது. எனக்கும் சொன்னார். உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த மனிதர் கெட்டுவிடுவார். சீட்டோடு நிற்பவருக்குப் பின்னால் இடம் இருக்கிறது. வந்து நில்லுங்கள்.