ஒரே படகில் செபெக்கும் ஹோரஸும்

மேல்கரை ஊருக்கு முதலை முகத்துச் செபெக் தெய்வம். கீழ்கரை ஊருக்குப் பருந்து முகத்து ஹோரஸ். இரண்டு ஊருக்கும் வாய்க்கால் ஒன்றே என்பதால், கோயிலார் அவ்விருவரையும் ஓருடலாக்கி ஒரே பொற்படகில் அமர்த்திவிட்டார்கள். உடல் ஒன்றாகிவிட்டது; பெயரில்தான் சிக்கல். செபெக்-ஹோரஸா, ஹோரஸ்-செபெக்கா என்று முடிவாகும்வரை வாய்க்காலில் மண்வெட்டி வைப்பதில்லை என இரண்டு ஊரும் சபதம் செய்திருந்தன.

நைல் பெருக இன்னும் பன்னிரண்டு நாள்களே இருந்தன. வாய்க்காலோ வண்டல் படிந்து தூர்ந்து கிடந்தது. தூர் வாராவிட்டால் அந்த ஆண்டு எவர் வயலிலும் கோதுமை விளையாது. இதை நன்கு அறிந்தும், வாய்க்கால் காவலன் சென்பியின் முகத்தில் கவலையின் சாயலே இல்லை.

“சாமிகிட்டயே கேட்டுருவோம். படகைத் தூக்கிட்டு வாய்க்கால் கரைக்கு வாங்க.”

சுமப்பவர் தோளில் தெய்வம் முன்னே நகர்ந்தால் ‘ஆம்’. பின்னே நகர்ந்தால் ‘இல்லை’. இதுவே வழக்கம். படகைச் சுமக்கும் மரத்தண்டுகளில் இடப்பக்கத்ததை மேல்கரையாரும் வலப்பக்கத்ததைக் கீழ்கரையாரும் தோளில் ஏற்றினார்கள்.

“செபெக் பேரு முதல்ல வரட்டுமா, சாமி?” என்று மேல்கரைத் தலைவர் நெஹெரி கேட்டார்.

இடப்பக்கத்தார் முன்னே உந்தினர். வலப்பக்கத்தார் பின்னே இழுத்தனர். படகு நின்ற இடத்திலேயே சுழன்றது.

“யோவ் தெத்திகி, உங்காளுங்க சாமியையே இழுக்கறாங்கய்யா!” என்று நெஹெரி கத்தினார்.

“நாங்க எங்க இழுத்தோம்? ஹோரஸ்தான் பின்னால போறாரு. உங்க முதலைதான் வாலால தள்ளுது!” என்றார் கீழ்கரைத் தலைவர் தெத்திகி.

பீர் விற்கும் ஹெனுத் கூடையை இறக்கி வைத்தாள். “அண்ணே, சாமிக்குத் தலை சுத்துது. சத்தியமா எங்கிட்ட ஒரு சொட்டும் குடிக்கல!”

கூட்டம் சிரித்தது; சுமந்தவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவது சுற்றில் படகின் முகப்பு வாய்க்காலை நோக்கித் திரும்பியபோது, முன்னே நின்றவர்களின் காலடியில் கரை மண் சரிந்தது. சென்பி வறண்ட வாய்க்காலுக்குள் குதித்துக் கைகளை உயர்த்தினான்.

“சாமி, இந்த வாய்க்காலை இன்னைக்கே வெட்டலாமா?”

பின்னே இழுத்தால் படகு கவிழும். ‘ஐயோ’ என்று இரு ஊராரும் ஒருசேர முன்னே ஓடினார்கள். எட்டு அடி சறுக்கி வந்து, வாய்க்காலின் நடுவே படகு நிமிர்ந்து நின்றது.

“பேரைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே...” என்று தெத்திகி மூச்சு வாங்கினார்.

“பேரைக் கேட்டதுக்குச் சுத்துனாரு. வாய்க்காலைக் கேட்டதுக்கு இறங்கியே வந்துட்டாரு. அவருக்கு எது அவசரம்னு இன்னுமா புரியல? மண்வெட்டியை எடுங்க மாமா” என்றான் சென்பி.

தெய்வத்தின் ‘ஆம்’ முன்னே சபதம் நிற்காது. அன்று மாலைக்குள் நாற்பது மண்வெட்டிகள் இறங்கின.

பன்னிரண்டாம் நாள் நைல் பெருகியது. சென்பி மடையைத் திறந்தான். முழங்கால் அளவு நீரில் நின்றபடி நெஹெரியும் தெத்திகியும் எந்தப் பெயர் முதலில் என்று உரக்க வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அவர்களைத் தாண்டி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.