பொய்ப் பாய்ச்சல்

மரைகே அந்த யானையைப் பார்ப்பதற்காகவே ஹாலந்திலிருந்து புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ். போன வருஷம் முன்னங்காலில் கம்பிக் கண்ணி இறுகி, சீழ் பிடித்து, சாகக் கிடந்த ஒரு பெண்யானைக்கு மயக்க ஊசி போட்டு வைத்தியம் பார்த்தார்கள். கழுத்தில் ரேடியோப் பட்டையும் மாட்டிவிட்டார்கள். அந்தச் செலவை மரைகேயின் ஊர்க்காரர்கள் கேக் விற்றும் பழைய துணி விற்றும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த சுற்றுலா முகாமில் எல்லோரும் அந்த யானையைப் பட்டைக்காரி என்றுதான் சொன்னார்கள்.

முகாமின் வழிகாட்டி எஸ்னாத் அவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகத் தொடங்கி மூன்று நாளாகியிருந்தது. பட்டைக்காரி கண்ணிலேயே படவில்லை. தூரத்தில் கேட்ட சத்தம், சூடு ஆறாத சாணம், மேலெல்லாம் உராய்ந்து சேறு பூசிய மொபானி மரம், அவ்வளவுதான். அதற்கே மரைகே பூரித்துப்போனாள். ஆனால் மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது, "நாளைக்குக் காலையில கிளம்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் எஸ்னாத்துக்கு என்னவோ போலிருந்தது. சாயங்காலம் இன்னொரு நடை போகலாம் என்று எஸ்னாத் தானாகத்தான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

முன்னால் துப்பாக்கியோடு கெனானி நடந்தான். வனத்துறைக் காவலன். எஸ்னாத்தின் அக்கா மைலேசியின் புருஷனும்கூட. லுவாங்வா ஆற்றங்கரை நடையில் துப்பாக்கி காவலனிடம் இருக்கும், உத்தரவு வழிகாட்டியிடம் இருக்கும். அதுதான் முறை. அவளுக்குப் பின்னால் மரைகே, கடைசியில் அவள் புருஷன் வூட்டர்.

"ஏ புள்ள, உன் குலப்பேரே யானை. நீ கூப்பிட்டா வரமாட்டேங்குதே" என்றான் கெனானி, திரும்பாமலே. எஸ்னாத்தின் குடும்பப் பெயர் ந்ஜோவு. அவர்கள் பேச்சில் அதற்கு யானை என்றுதான் பொருள். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவனுக்கு அது கேலிப்பொருள்.

"எங்க ஆளுங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி மச்சான். போன மழைக்கு உங்க சோளக்கொல்லைக்கு விருந்துக்கு வந்தவங்களைத் தகரத்தைத் தட்டி விரட்டினீங்களே."

"விருந்தா? அடுத்த வருஷம் வரைக்கும் நாங்க திங்கவேண்டியதை ஒரே ராத்திரியில தின்னுட்டுப் போச்சுங்க. உங்க அக்கா என்னைத் திட்டினா. துப்பாக்கிய வச்சுக்கிட்டு எதுக்குய்யா இருக்கேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது அரசாங்கத்துத் துப்பாக்கி, அரசாங்கத்து யானை, சோளம் மட்டும்தான்டி நம்முதுன்னேன். அன்னைக்கு எனக்குச் சோறு கிடையாது."

எஸ்னாத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மரைகே என்ன பேச்சு என்று கேட்டாள். "உங்களுக்கு யானை காட்டணும்னு சொல்றார்" என்றாள் எஸ்னாத். அப்போதுதான் கெனானியின் இடதுகை மெல்ல உயர்ந்தது. எல்லோரும் நின்றார்கள்.

ஆற்றை ஒட்டிய புதருக்கு அந்தப் பக்கம் பட்டைக்காரி நின்றது. கழுத்துப் பட்டை மண் அப்பி, தோலின் நிறத்துக்கே வந்திருந்தது. பக்கத்தில் இந்த வருஷத்துக் குட்டி, தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தது. மரைகே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் கண்ணி அறுத்த கால் புல்லுக்குள் மறைந்திருந்தது. "காயம் ஆறியிருக்கா? அதை மட்டும் பாக்க முடியுமா?" என்று மரைகே காதருகே கேட்டாள்.

சட்டையில் காற்று படும் பக்கம் மாறியதை, இனித் தங்கள் வாடை யானைக்குப் போகும் என்பதை எஸ்னாத் உணர்ந்தாள். உணர்ந்தும், அந்தக் கறையான் புற்று வரைக்கும் போகலாம் என்று கைகாட்டினாள். கெனானி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு நடந்தான்.

புற்றை எட்டுவதற்குள் பட்டைக்காரி தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. பிறகு காதுகளை முறம்போல விரித்து, பிளிறிக்கொண்டு நேரே வந்தது. கெனானி துப்பாக்கியைத் தோளில் வைத்தான். எஸ்னாத் விருந்தாளிகளைப் புற்றுக்குப் பின்னால் தள்ளினாள். விரிந்த காது, தூக்கிய தலை, அத்தனை கூச்சல். பயங்காட்ட வரும் யானை இப்படித்தான் வரும், பாதியில் நின்று மண்ணை உதைத்துவிட்டுத் திரும்பிவிடும். எத்தனையோ முறை அவள் பார்த்திருக்கிறாள்.

"பொறுங்க மச்சான்" என்றாள். "பொய்ப் பாய்ச்சல்தான். நின்னுடும். சுடாதீங்க."

நிற்கவில்லை. கிட்ட வந்தபிறகு காதுகள் மடங்கின, தலை தாழ்ந்தது, கூச்சலும் நின்றுபோனது. அந்த மௌனத்தைத்தான் எஸ்னாத்தால் பிற்பாடு தாங்கவே முடியவில்லை. துப்பாக்கி வெடித்தது, வானத்தைப் பார்த்து. கெனானி புழுதிக்குள் போனான். யானை அவன்மேல் மண்டியிட்டது போலிருந்தது. குட்டி பின்னாலிருந்து கத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, அந்தச் சத்தம் கேட்டதும் பட்டைக்காரி சட்டென்று திரும்பி, குட்டியைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டது.

கெனானியின் வலதுகால் முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்லும்படி இல்லை. எஸ்னாத் ரேடியோவில் வண்டியைக் கூப்பிட்டாள். தன் குரல் ஏன் இவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. மரைகே அதற்குள் வூட்டரின் இடுப்புப் பெல்ட்டை உருவிக் கெனானியின் தொடையில் இறுக்கியிருந்தாள். மாவட்ட ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும், அந்தக் கரடுமுரடுப் பாதை முழுக்க, வண்டித் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து ரத்தக்குழாயை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். கை மரத்துப்போனபோதும் யாரையும் மாற்றவிடவில்லை. அவள் இல்லாவிட்டால் பாதி வழியிலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். காலைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் விமானத்துக்குப் போகுமுன் மரைகே ஆஸ்பத்திரி வாசலில் எஸ்னாத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ செஞ்சது சரிதான். நீ இல்லைன்னா அந்தக் குட்டி அநாதையாயிருக்கும். தயவுசெஞ்சு அதைச் சுடவிட்டுடாதே." எஸ்னாத்துக்கு அந்தக் கைகளை உதறிவிட வேண்டும் போலிருந்தது. அந்தக் கைகளின் நகக்கண்ணில் இன்னும் கெனானியின் ரத்தம் காய்ந்திருந்தது. உதறவில்லை.

உள்ளே மைலேசி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சியைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை.

"சுடாதேன்னு நீ சொன்னியாமே?"

"சொன்னேன் அக்கா."

"அது மேல வந்து விழுற வரைக்கும் சொல்லிக்கிட்டு நின்னியா?"

"நின்னுடும்னு நெனச்சேன்."

"நெனச்சியா? உன் புருஷன் துப்பாக்கியோட முன்னால நின்னிருந்தா அப்படி நெனச்சிருப்பியா? எனக்கு வாய்ச்சவன்னுதானே விட்டே?"

எஸ்னாத்துக்குப் புருஷன் கிடையாது. மைலேசிக்கும் அது தெரியும். கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினாள்.

அந்த வாரமே ஊரில் கூட்டம் என்று சேதி வந்தது. ஆளைத் தாக்கிய யானையை என்ன செய்வதென்று வனத்துறை அதிகாரி மும்புனா நேரில் வந்து விசாரிப்பார். யானை தானாக வந்து தாக்கியது என்றால் சுட்டுவிடுவார்கள். மனிதர்கள் போய்ச் சீண்டியதால் என்றால் விட்டுவிடுவார்கள். கண்ணால் கண்ட சாட்சி ஊரில் இருப்பது எஸ்னாத் ஒருத்திதான். கெனானிக்கு மயக்கமும் காய்ச்சலுமாக இருந்தது.

முகாம் மேலாளர் சூலு அவளைத் தனியே கூப்பிட்டார். "காத்து திடீர்னு மாறிப்போச்சு, யாரும் எதிர்பார்க்கலைன்னு சொல்லும்மா. பொய்யில்லையே. யார் மேலயும் பழி விழாது. உனக்கும் லைசென்ஸ் இருக்கும், எனக்கும் முகாம் இருக்கும்." மைலேசியோ பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: அது தானா வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், பழசெல்லாம் மறந்துடறேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் மத்தியானம் எஸ்னாத் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மைலேசி துணி துவைக்கப் போயிருந்தாள். கெனானிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்க்காமலிருக்க அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"என்ன புள்ள, உன் சொந்தக்காரங்க கைவரிசையைக் காட்டிட்டாங்களே" என்றான்.

அவள் அழத் தொடங்கினாள். அவன் அழவிட்டான்.

"ஏன் மச்சான் சுடல? என் பேச்சை ஏன் கேட்டீங்க? அதுக்குக் காது மடங்கினதை நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"உன் பேச்சுக்காக நிக்கல. பெரிய மனுஷி மாதிரி எல்லாத்தையும் உன் தலையில தூக்கி வச்சுக்காத. குட்டி பின்னால நின்னுச்சு. கை வரல, அவ்வளவுதான்."

எஸ்னாத் அவன் முகத்தையே பார்த்தாள். அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா? இளவயதில் எத்தனை யானைகளைச் சுட்டவன் அவன், கள்ள வேட்டைக்காரர்களோடு எத்தனை முறை நேருக்கு நேர் நின்றவன் என்று ஊருக்கே தெரியும். கை வராதவன் இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி கேட்க அவளுக்குத் துணிவில்லை.

"நாளைக்கு என்ன சொல்லட்டும்?"

"உங்க அக்கா என்ன சொல்லச் சொன்னா?"

"தானா வந்துச்சுன்னு."

"அப்படிச் சொன்னா சுடுவாங்க, ஊருக்கெல்லாம் யானைக்கறி கிடைக்கும்" என்றான் கெனானி. "எனக்குக் கால் கிடைக்காது. போ புள்ள. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. என்னைக் கேக்காத. வலிக்குது."

ஊர்த் தலைவர் வீட்டு மாமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. மும்புனா நல்ல மனிதர்தான். தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஆறுதலாகக் கேட்டார். பெண்கள் வரிசையில் முன்னால் மைலேசி உட்கார்ந்திருந்தாள். ஒரு கணம் அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தை எஸ்னாத்தின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் பாதி உண்மை என்றுகூடத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கலாம்.

"நாங்கதான் கிட்டப் போனோம்" என்றாள். "காத்து மாறினது எனக்குத் தெரியும். விருந்தாளிக்குக் கால் காயத்தைக் காட்டணும்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அது ஓடி வந்தப்போ சுடாதீங்கன்னு சொன்னதும் நான்தான்."

கூட்டத்தில் யாரோ, "அப்போ உன்னைத்தான் சுடணும்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் அந்த ஆளை அதட்டினார்கள். மைலேசி எழுந்து, சேலைபோல இடுப்பில் சுற்றியிருந்த துணியை உதறிக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டாள்.

பட்டைக்காரியைச் சுடவில்லை. எஸ்னாத்தின் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைத்தார்கள். சூலு அவளிடம் பேசுவதை விட்டுவிட்டார். கெனானிக்கு ஊன்றுகோலும், பூங்கா வாசல் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கும் வேலையும் கிடைத்தன. மரைகேயிடமிருந்து ஒரு பெட்டி நிறைய மருந்தும் குழந்தைகளுக்கு உடுப்பும் வந்தன. மைலேசி அந்த மருந்தை எடுத்துக்கொண்டாள், உடுப்பை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

மழை வந்தது. சோளம் ஆளுயரம் வளர்ந்து பால் பிடிக்கத் தொடங்கியபோது யாரும் கூப்பிடாமலே எஸ்னாத் அக்கா கொல்லைக்குக் காவலுக்குப் போனாள். கெனானியால் பரண் ஏற முடியாது, பிள்ளைகள் சின்னவர்கள். மிளகாய்த் தூளையும் யானைச் சாணத்தையும் பிசைந்து காயவைத்த கட்டிகளை வரப்போரம் புகையவிட்டாள். மைலேசி வந்து பார்த்தாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வரப்பில் ந்சீமா களியும் கருவாட்டுக் குழம்பும் மூடிவைத்துவிட்டுப் போனாள். தினமும் வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் யானைகள் ஆற்றைத் தாண்டி வந்தன. முன்னால் வந்தது எது என்று எஸ்னாத்துக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் தகரத்தைத் தட்டினாள். அப்போது பக்கத்திலிருந்து இன்னொரு தகரம் ஓங்கிச் சத்தமிட்டது. மைலேசி. இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். புகை காற்றோடு யானைகளின் முகத்துக்கு நேரே போனது. முன்னால் வந்தது தும்பிக்கையைச் சுருட்டி, தலையை உதறி, நின்றது. பிறகு வரப்போரமாகவே திரும்பி நடந்தது.

"அதுதானே?" என்று மைலேசி கேட்டாள். எட்டு ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் தங்கச்சியிடம் பேசிய முதல் பேச்சு.

"ஆமா அக்கா. அதுதான்."

மைலேசி அது போகும் திசையையே பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எஸ்னாத்தால் சொல்ல முடியவில்லை. மன்னிப்பு இல்லை, அது மட்டும் தெரிந்தது.

"நீ அன்னைக்குச் சொல்லியிருந்தா இது இன்னைக்கு இங்க வந்திருக்காது."

"வேற ஒண்ணு வந்திருக்கும் அக்கா."

"வந்திருக்கும்" என்றாள் மைலேசி. "ஆனா அது இது இல்ல."

அதற்குள் யானைகள் அடுத்த கொல்லைக்குள் இறங்கிவிட்டன. அது விதவை டொரிகாவின் கொல்லை. சோளத்தண்டு முறியும் சத்தமும், அவள் ஒற்றை ஆளாகக் கூச்சலிடுவதும் கேட்டன. தங்கள் புகைதான் அவற்றை அங்கே தள்ளியது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மைலேசி புகையும் கட்டிகளில் ஒன்றைத் தகரத்தில் அள்ளினாள். "வா" என்றாள். எஸ்னாத் இன்னொன்றை அள்ளிக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் ஓடினாள்.