கிணறும் ஐடியும் பொது

ராஜபாளையத்துத் தனுஷ்கோடிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற தம்பி தவசிமுத்துவின் பெயரைக் கேட்டாலே வாய் கசக்கும். தம்பிக்கும் அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன் சோழபுரத்து நிலத்தைப் பிரித்த அன்று நின்ற பேச்சு, நின்றதுதான். கோடு போட்டு எல்லாவற்றையும் பிரித்த பெரியவர்களுக்கு இரண்டை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை. ஒன்று கிணறு. அதைப் பொது என்று பத்திரத்தில் எழுதினார்கள். இன்னொன்று, செத்துப்போன அப்பாவின், அதாவது ஐயாவின், மெயில் ஐடி. அது எழுதாமலே பொதுவாக நின்றது.

ஐயா முதன்முதலில் டச் போன் வாங்கியபோது செல் கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஐடி அது. பாஸ்வேர்டு மறந்துபோனால் துணைக்கு ஒரு நம்பர் வேண்டும் என்றார். கூடப் போன தவசிமுத்து தன் நம்பரைக் கொடுத்தான். அதற்குப் பிறகு வீட்டில் யார் போன் வாங்கினாலும் அதே ஐடிதான். ரேஷன் கார்டு வீட்டுக்கு ஒன்று என்றால் ஐடியும் வீட்டுக்கு ஒன்றுதானே, இதில் என்ன கேள்வி? அதனால் ஒருவன் எடுக்கிற போட்டோ மற்றவன் போனிலும் போய் விழுந்தது. முகத்தில் முழிக்காத அண்ணனும் தம்பியும் ஒருவன் போன கல்யாணத்தை மற்றவன் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள்.

தவசிமுத்து நாய் வளர்த்து விற்பவன். வெள்ளை வெளேரென்று ராஜபாளையம் குட்டிகள். குட்டி பால் குடித்தால் வீடியோ, குட்டி ஓடினால் வீடியோ, குட்டி தூங்கினாலும் வீடியோ. ஓசியில் கிடைத்த பதினைந்து ஜிபியும் நாயாலேயே ரொம்பியது என்பது தனுஷ்கோடியின் கணிப்பு. இடமில்லை என்று போனில் சிவப்பாக எழுத்து வந்தது. இப்படியே விட்டால் உள்ளே இருப்பவை அழிக்கப்படலாம் என்று மெயிலும் வந்தது.

உள்ளே இருந்தது வெங்கடேஸ்வரி. மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன அவன் மனைவி. அவள் பேசுகிற வீடியோ மொத்தம் ஏழு. பழைய போன் அந்தப் பொதுக் கிணற்றிலேயே விழுந்துவிட்டதால் வேறெங்கும் அவை கிடையாது. ஒன்றில் மாவு பிசைந்துகொண்டே, “வேலைவெட்டி இல்லையாக்கும், என்னையப் போயி எடுத்துக்கிட்டு” என்று திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்காமல் தனுஷ்கோடி படுத்ததில்லை. அவளை நாய்க்குட்டிகளுக்கு நடுவில் விட்டுவைத்திருப்பது அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தனுஷ்கோடி வேலை பார்ப்பது பேண்டேஜ் துணிக் கம்பெனியின் பேக்கிங்கில். அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கவனிக்கிற ஜெபக்குமாரிடம் போய் நின்றான்.

“மூணு வழி இருக்கு அண்ணாச்சி,” என்றான் ஜெபக்குமார். “இதே ஐடியில மாசம் பணம் கட்டி கூட இடம் வாங்கலாம்.”

“அவன் நாய் படுக்க நான் இடம் வாங்கிக் குடுக்கணுமா? அடுத்ததைச் சொல்லு.”

“ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி வீட்டுல வச்சுக்கிடலாம்.”

“போனே கிணத்துல விழுந்துட்டு. அது விழ எம்புட்டு நேரமாகும்? அடுத்தது.”

“வேற கம்பெனி கிளவுடு. நீங்க திறந்து விடாம அடுத்தவன் உள்ள வர முடியாது.”

“அதைப் போடு.”

“அப்பம் முதல்ல உங்களுக்குன்னு புதுசா ஒரு மெயில் ஐடி போட்டுக்கிடுவோம். செத்த நேரத்து வேலை.”

“எதுக்கு? ஐயா பேருல உள்ள ஐடி. மூத்தவன் நான். நான் புதுசுக்குப் போனா, பழசை அவனுக்கு விட்டுக் குடுத்த மாதிரி ஆயிராதா? அதை வச்சே உள்ள போ.”

“அண்ணாச்சி, அந்த ஐடிக்கு…”

“சொன்னதைச் செய்யி.”

ஜெபக்குமார் பழைய ஐடியை வைத்தே புதுக் கணக்கைத் திறந்தான். ஏழு வீடியோவும் ஏறின. ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தார்கள். வெங்கடேஸ்வரி கணீரென்று திட்டினாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதுவும் தங்கக் கூடாது என்று லாக் அவுட்டும் செய்யச் சொல்லிவிட்டுத் தனுஷ்கோடி வீட்டுக்குப் போனான்.

அதோடு விட்டிருந்தால் அவன் தனுஷ்கோடி இல்லையே. வீட்டுக்கு வந்ததும் போனில் பழைய இடத்தைத் திறந்தான். இருந்த மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தான். நாயும் நாயின் பரம்பரையும் ஒழியட்டும் என்று அழித்தான். எல்லாம் குப்பைத்தொட்டியில் அறுபது நாள் கிடக்கும் என்று போன் சொன்னது. கிடக்கவிடுவானா? அதையும் காலி செய்துவிட்டுத் திருப்தியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் மதியம், கம்பெனியில் இருந்தபோது, போன் அவனை ஐடியிலிருந்து வெளியே தள்ளியது. தம்பி பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். மாற்றிக்கொள்ளட்டுமே, எனக்கென்ன, என்று புது கிளவுடைத் திறந்தான். அதுவும் அதே ஐடியின் பாஸ்வேர்டைக் கேட்டது. மறந்துவிட்டது என்று அழுத்தினான். துணை நம்பருக்கு ஓடிபி அனுப்பவா என்று கேட்டது. அது தவசிமுத்துவின் நம்பர். தனுஷ்கோடி போனைத் தூக்கிக்கொண்டு ஜெபக்குமாரிடம் ஓடினான்.

“அதைத்தான் அண்ணாச்சி சொல்ல வந்தேன்,” என்றான் ஜெபக்குமார்.

தனுஷ்கோடி அரை நாள் லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தான். தவசிமுத்து வீட்டு வாசலில் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

“உம் மதினி வீடியோ உள்ள மாட்டிக்கிட்டு,” என்றான் தனுஷ்கோடி. “ஒனக்கு ஒரு நம்பர் வரும். சொல்லு, போயிருதேன்.”

“எம் மக வீடியோ எங்கே?”

“உம் மக வீடியோ எங்கிட்ட எதுக்கு? அதுல கிடந்தது பூரா நாய்.”

“ஒவ்வொண்ணாப் பாத்தா அழிச்ச?”

தனுஷ்கோடி பார்க்கவில்லை. கண்ணில் பட்டதற்குப் பல்லைக் கடித்ததோடு சரி; தம்பி பக்கத்துப் படத்தை நின்று பார்ப்பதே கேவலம் என்று இருந்தவன் அவன்.

“அவ பொறந்ததுல இருந்து அஞ்சு வருசம் அதுல கிடந்துச்சு,” என்றான் தவசிமுத்து. “காதுகுத்து அன்னைக்கு ஐயா மடியில வச்சுக்கிட்டு அவளுக்குக் கதை சொன்னது கிடந்துச்சு. தாத்தாவைப் போடுன்னு தெனமும் கேப்பா. குப்பைத்தொட்டியத் திறந்து பாத்தா அதுவும் காலி.” சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தான். அவன் குரல் இறங்கியது. “ஒன்னோட ஏழு வீடியோவையும் எடுத்து வச்சிருக்கேல்லா? அது மாதிரி இதையும் எங்கயாவது எடுத்து வச்சிருப்ப. குடு அண்ணே. நம்பரைச் சொல்லிருதேன்.”

அண்ணே என்று கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. வச்சிருக்கேன் என்று ஒரு பொய் சொன்னால் நம்பர் கிடைத்துவிடும். பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஐயாவின் குரலையும் தானே அழித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“இல்லலே,” என்றான். “என்னோட ஏழு வீடியோவை மட்டுந்தான் எடுத்தேன்.”

தவசிமுத்து சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

தனுஷ்கோடி வாசலில் நின்றபடியே ஓடிபி அனுப்பு என்பதை அழுத்தினான். உள்ளே டிங் என்றது. யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடியும் டிங் என்றது, நாய்கள் குரைத்தன. மூன்றாவது தடவை அழுத்தியபோது, அதிக முறை முயன்றுவிட்டீர்கள், நாளை முயலவும் என்று வந்தது.

“நாளைக்கு வாரேன்,” என்றான் மூடிய கதவிடம்.

“வா,” என்றது உள்ளிருந்து தம்பியின் குரல். “தெனமும் வா. அந்த டிங் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நான் சோறு திங்கேன்.”