குழாயிலும் இல்லை

"வீட்டுக்காரர் கடைசியா எப்போ வந்தாரு?" என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டபோது, தையல்காரி முன்பு சொன்னதையே சொன்னாள். அவர் கப்பலில் சமையல்காரர். போன வருஷம் அவளுக்குக் கரு கலைந்த கையோடு கிளம்பிப் போனவர், இன்னும் திரும்பவில்லை.

விட்டுவிட்டு உதிரம் பட்டதால்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ரத்தப் பரிசோதனை கர்ப்பம் என்றது. ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது.

"கரு கர்ப்பப்பைக்கு வெளிய, குழாய்ல தங்கியிருக்கலாம். வெடிச்சா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் கேக்குறேன், மறைக்காதீங்க."

"மறைக்க ஒண்ணுமில்ல டாக்டர்."

கூட வந்திருந்த மாமியார் ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஆனால் விஷயம் அவள் வழியாகத்தான் கப்பலுக்குப் போயிருக்க வேண்டும். புருஷனுக்குப் போன் போட்டால் இரண்டு மணி அடித்ததும் துண்டித்தார். பிறகு போனை அணைத்தே வைத்துவிட்டார்.

வார்டில் படுத்துக்கொண்டு தையல்காரி தன்னையே துருவிப் பார்த்தாள். கடையில் இருக்கும் ஒரே ஆண் கட்டிங் மாஸ்டர். அந்த மனிதர் இத்தனை வருஷத்தில் அவளிடம் பொத்தானைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசியதில்லை. அவரைக்கூட ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டிவந்ததே என்று உடம்பு கூசியது. சொந்த ரத்தமே பொய்ச்சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினாள். குழாயில் கரு இருந்தால் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் இவ்வளவு உயரத்துக்குப் போகாதாம். திரும்ப ஸ்கேன் செய்தார்கள். குழாயிலும் இல்லை.

"இந்த இருமல் எவ்வளவு நாளா இருக்கு?"

"பஞ்சுத் தூசின்னு விட்டுட்டேன்."

நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்த பிறகு டாக்டரம்மா கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது. "இது புதுக் கர்ப்பம் இல்லம்மா. போன தடவை கலைஞ்சதுல மிச்சம் நின்னது கட்டியா மாறியிருக்கு. நுரையீரல்வரைக்கும் போயிருக்கு. அதுதான் கர்ப்பம் மாதிரியே சுரக்குது. மருந்துக்கு நல்லாக் கேக்கற வகைதான். நாளைக்கே ஆரம்பிக்கணும்."

மாமியார் எழுந்து வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது போனை நீட்டினாள். "பேசு. அவன்தான்."

"அப்பாடா," என்றார் அவர். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் குரல் தெளிவாகக் கேட்டது. "நான் என்னென்னவோ நெனச்சு..." சட்டென்று நின்றார். "என்ன கட்டி? கேன்சரா?"

அந்த 'அப்பாடா' காதுக்குள்ளேயே நின்றது. அதே சொல் தன் நெஞ்சிலும், அவருக்கு முன்பே, எழுந்ததை நினைத்துக்கொண்டாள். போனைப் போர்வைமேல் வைத்தாள். அது பேசிக்கொண்டே இருந்தது.

மாமியார் எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்; தலைகீழாக. "எதும்மா அது? எங்க இருக்கு?" என்று தேடினாள். மருமகளின் விலா எலும்புகளுக்கு ஊடே, கீழே தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.