திறந்து கிடந்த பூட்டு

ஒச்சப்பன் ராஜ்கமலுக்குத் தரவேண்டியது மூவாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். குரங்கணியில் குத்தகைக்குப் பிடித்த அரை ஏக்கர் ஏலக்காயை இணையத்தில் விற்க, போடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ராஜ்கமல் 'குரங்கணிஏலம் டாட் காம்' என்று பெயர் வாங்கி, பக்கமும் போட்டுக் கொடுத்திருந்தான். காசு, காய் விற்ற பிறகு.

இப்போது அந்தப் பெயருக்கே ஆபத்து. பெயரைப் பதிந்துவைத்திருந்த கம்பெனி வருடக் கட்டணத்தை மூன்று மடங்காக்கிவிட்டது. மாதக் கடைசிக்குள் வேறு கம்பெனிக்கு மாற்றாவிட்டால் பெயர் போய்விடும். ஓணத்துக்குக் காய் கேட்டவர்கள் தேடி வந்து வெறும் பக்கத்தைப் பார்ப்பார்கள்.

“மாமா, யாரும் களவாண்டு போயிராம பேருக்கு ஒரு பூட்டு இருக்கு. அத நீங்கதான் ஒங்க போன்ல தொறக்கணும். தொறந்துட்டு, வர்ற ரகசியக் குறிய எனக்கு அனுப்புங்க. மிச்ச சோலி என்னுது” என்றான் ராஜ்கமல்.

ஐம்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகிய ஒச்சப்பன், ஒவ்வொரு வரியாகப் படித்துத் திறந்தார். பச்சைப் பூட்டுப் படம் சிவந்து வாயைப் பிளந்தது. குறியையும் அனுப்பினார். சாயங்காலம் போன் வந்தது.

“பூட்டியிருக்குன்னு கம்பெனிக்காரன் திருப்பிவிட்டுட்டான் மாமா. தொறந்தீகளா, இல்லையா?”

“சத்தியமாத் தொறந்தேன் மாப்ளே!”

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் ராஜ்கமலே லேப்டாப்போடு ஜீப்பேறி வந்துவிட்டான். மாதம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. மாறுவதற்கே ஐந்து நாள் பிடிக்கும்.

அவன் கண்முன்னே ஒச்சப்பன் பூட்டைத் திறந்தார். அவன் குனிந்து தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் படத்தில் போய் அமுங்கியது. சிவப்பு பச்சையானது. டீ கொண்டுவந்த அவர் மனைவி சூர்யகலா பார்த்துவிட்டாள்.

“அட மனுசா! பூட்டுறது நீதானா?”

ஒச்சப்பன் திருதிருவென விழித்தார். “புள்ள, நான் இருவத்திரெண்டு வருசம் எஸ்டேட்டுல காய் ஸ்டோருக்குக் காவல் இருந்தவன். பூட்டு தொறந்து கெடந்தா அன்னிக்குக் கூலியப் புடிச்சிருவாக. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

ராஜ்கமல் சிரித்த சிரிப்பில் டீ பாதி தரைக்குப் போனது. சூர்யகலா போனைப் பிடுங்கி, தானே திறந்து, மடியில் செருகிக்கொண்டாள். “நீங்க தட்டுங்க தம்பி. அஞ்சு நாளைக்கு இது என் காவல்.”

இந்தத் தடவை விண்ணப்பம் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த ஐந்து நாளும் ஒச்சப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டுக்கொட்டில் கொண்டியை நாலு தரம் ஆட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பூட்டையும் இழுத்துப் பார்த்தார். “யோவ், எங்க வீட்ட எப்ப ஏலத்துல எடுத்த?” என்று முனியாயி உள்ளேயிருந்து கத்தினாள்.

ஆறாம் நாள் பெயர் புதுக் கம்பெனிக்கு வந்துசேர்ந்தது. பத்தாம் நாள் அந்தப் பக்கம் வழியாகவே கோயம்புத்தூர் மிட்டாய்க் கடைக்காரர் இரண்டு கிலோ கேட்டுப் பணமும் அனுப்பினார்.

ஒச்சப்பன் முதல் பஸ்சிலேயே போடிக்கு இறங்கி, மேசைமேல் முழுசாக எண்ணி வைத்தார். ராஜ்கமல் நானூற்று எண்பதைத் திருப்பி நீட்டினான்.

“வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன் மாமா. அதுக்கு.”

“அது இனாம் மாப்ளே. இது கடன்” என்று அவன் சட்டைப் பையில் பணத்தைத் திணித்துவிட்டு, விசிலடித்தபடி படியிறங்கினார் ஒச்சப்பன்.