நடுவில் நிற்பவள்

...சொல்லிவிடலாம், ஒரே ஒரு வாக்கியம்தானே, அவ தூங்காததுக்கு நான்தான் காரணம் ஸார் என்று சொன்னால் முடிந்தது, ஆனால் அதோடு முடியுமா, ஏன் என்பார், சான்யால் ஸார் ஏன் என்று கேட்காமல் எதையும் விட்டதே கிடையாது, அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் அதற்கும் ஒரு ஏன்... கௌஷிகி செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பு மொத்தமும் கரும்பலகையை ஒட்டி வரிசையில் நின்றது, ஜன்னல் பக்கம் குறைந்த மதிப்பெண், கதவுப் பக்கம் கூடுதல், புள்ளியியலைப் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாதாம், உடம்பால் நின்று பார்த்தால்தான் ஏறுமாம், வருடா வருடம் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஸார் நடத்தும் கூத்து இது, போன வருடத்து மாணவர்கள் சொன்னபோது சிரிப்பாகத்தான் இருந்தது. முப்பத்தொரு பேர், அதில் பதினாறாவது ஆள் கௌஷிகி, ஐம்பதுக்கு இருபத்திரண்டு. "நல்லாப் பாத்துக்குங்க, இவதான் நம்ம இடைநிலை. இந்தப் பக்கம் பதினஞ்சு பேர், அந்தப் பக்கம் பதினஞ்சு பேர். கெட்டிக்காரியும் இல்ல, மக்கும் இல்ல, கல்யாணத்துக்கு ஏத்த பொண்ணு" என்று ஸார் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரிக்காமல் நின்றால் அதற்கும் ஒன்று சொல்வார்.

ஜன்னலோரம் முதல் ஆளாகப் புல்ட்டி. விடுதியில்தான் அவள் புல்ட்டி, வருகைப் பதிவில் சுப்ரியா மாஹாதோ, புருலியாவில் எங்கோ ஒரு சிவப்பு மண் ஊர், விடுமுறை முடிந்து வரும்போதெல்லாம் ஒரு டின் நிறையப் பொரி கொண்டுவந்து பாதியைக் கேட்காமலே கௌஷிகியின் அலமாரியில் வைத்துவிடுவாள். அவளுக்கு நான்கு மதிப்பெண். அவளுக்கு அடுத்து நிற்பவனுக்கே பதினொன்று. தேர்வு நடக்கும்போது மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள், கண்காணிப்பாளர் தட்டி எழுப்பியபோது மணியடித்துவிட்டது, விடைத்தாளில் எச்சில் ஒழுகியிருந்ததாம், அதையும் ஸார் விடவில்லை, எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தார். தூங்காமல் என்ன செய்வாள், முந்தின ராத்திரி முழுக்க இந்தக் கௌஷிகியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள்... குதிச்சிடுவேன், விடு, விடுடி... உண்மையிலேயே குதித்திருப்பேனா? மாட்டேன், தெரியும், அப்போதே தெரியும், இருந்தும் விட்டுவிடுவாளோ என்று அவள் பிடியைச் சோதித்துச் சோதித்து இழுத்துக்கொண்டிருந்தேனே. காலையில் எலுமிச்சம் தண்ணீர் கொடுத்து, தலை வாரிவிட்டு, "அழுத மாதிரியே தெரியல, போய் எழுது" என்றாள். கௌஷிகி போய் எழுதினாள்.

அழுதது யாருக்காக? அதோ, ஆறு ஆள் தள்ளி, கதவுப் பக்கம் நிற்கிறானே அர்க்கபிரபன், முப்பத்தொரு மதிப்பெண், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவனுக்காக. ட்ராம் நிறுத்தத்தில் நின்று, "நமக்குள்ள ஒண்ணும் இல்லையே, நீயா ஏதாவது நெனச்சுக்கிட்டியா?" என்று கேட்டவன். அன்றிலிருந்து அவன் எதிரில் எத்தனை அலட்சியமாக நடக்கிறாள், கான்டீனில் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறாள், அத்தனையும் ஸாரிடம் சொல்லப்போகும் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போய்விடுமே.

"ஒரு எண் மட்டும் கூட்டத்தை விட்டு இப்படித் தள்ளி நின்னா என்ன செய்யணும்?" சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டியபடி ஸார் ஜன்னல் பக்கம் போனார். யாரோ, ஏன்னு கேக்கணும் ஸார், என்றார்கள். "சபாஷ். காரணம் இருந்தா மறுபடி அளக்கலாம். இவளுக்கு மறுதேர்வு வைக்கலாம். காரணம் இல்லேன்னா தூக்கிட வேண்டியதுதான், ஆனர்ஸ்ல இவளுக்கு எடமில்ல, நாளையிலேர்ந்து சாதாரண பாஸ் வகுப்புக்குப் போகட்டும். என்னம்மா புருலியா, பரீட்சையில எதுக்குத் தூங்கின?"

"தூக்கம் வந்திருச்சு ஸார்."

மறுபடி சிரிப்பு. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை அவள், ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால்கூடப் போதும், கோபமாவது வந்திருக்கும், என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறாயா என்று... யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று ஏதோ சொல்லிவிட்டாளாம், அதற்காக இப்படியா நிற்பது, கட்டைபோல, முட்டாள், சரியான முட்டாள்.

"இவ ரூம்ல யாரு? அட, நம்ம இடைநிலையா? ராத்திரி என்னதாம்மா பண்ணா இவ?"

இப்போது. இதோ. மின்விசிறி கடகடக்கிறது, எல்லா முகமும் அவள் பக்கம், அர்க்கபிரபனின் முகமும்தான், எத்தனை நாளைக்கப்புறம் நேராகப் பார்க்கிறான்...

"தெரியல ஸார். நான் சீக்கிரமே தூங்கிட்டேன்."

அவ்வளவுதான். எவ்வளவு லேசாக வந்துவிட்டது. ஸார் தோளைக் குலுக்கினார், கதவைக் காட்டினார். புல்ட்டி பையை எடுத்துக்கொண்டு வரிசையின் முன்னால் நடந்து வந்தாள், கௌஷிகிக்கு எதிரில் வந்ததும் நின்றாள். சொல்லப்போகிறாள், எல்லார் முன்னாலும் கிழிக்கப்போகிறாள், கிழிக்கட்டும், கிழித்தால் நன்றாக இருக்கும். "ரூம் சாவி உன்கிட்டதானே இருக்கு?" கௌஷிகி கொடுத்தாள். புல்ட்டியின் விரல்கள் ஜில்லென்றிருந்தன.

ஸார் கரும்பலகையில் கணக்குப் போட்டார், ஒருத்தி போனதும் சராசரி அரை மதிப்பெண்ணுக்கு மேல் ஏறிவிட்டதாம், பாத்தீங்களா, ஒரே ஒருத்தி இத்தனை பேரையும் கீழே இழுத்துப் பிடிச்சிருக்கா. "இப்ப இடைநிலை? நடுவுல ரெண்டு பேராச்சு, நீயும் பக்கத்துல நிக்கிறவனும். ரெண்டு பேருக்கும் இருபத்திரண்டு. அப்ப இடைநிலை மாறிச்சா? நீயே சொல்லு."

"மாறல ஸார்."

"சத்தமா."

"மாறல ஸார்!"

"அதான் அதோட குணம். ஓரத்துல இருக்கறவ இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். எழுதிக்குங்க."

எழுத எங்கே, கையில் பேனா இல்லை. புல்ட்டி நின்ற இடத்தையாவது பார்க்கலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். இடம் காலியாக இல்லை. பதினொன்று வாங்கினவன் கம்பியில் சாய்ந்து நிற்கிறான், அவன் இடத்தில் அடுத்தவன், அதற்கடுத்து அடுத்தவள், எல்லாரும் ஒரு எட்டு தள்ளி நெருக்கி நின்றுகொண்டிருக்கிறார்கள், தள்ளி நிற்கச் சொல்லி ஸார் சொல்லவே இல்லையே... கௌஷிகி குனிந்து பார்த்தாள். அவளுடைய கால்களும் ஒரு எட்டு தள்ளித்தான் இருந்தன. எப்போது நகர்ந்தேன்? புல்ட்டி வெளியே போன பிறகா, இல்லை, ராத்திரி என்ன பண்ணாள் என்று ஸார் கேட்டு முடிப்பதற்குள்ளேயேவா?