கீழ்வீட்டு அக்கா கொடுத்த ஸ்வெட்டர்

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரியவரின் கையில் வெள்ளைத் துணிப் பொட்டலம் ஒன்று மட்டும் இருந்தது. அது இறந்தவரைச் சுற்றும் கஃபன் துணி என்பது ஜெவாத்துக்குப் பார்த்ததுமே புரிந்தது. மகளின் உடலை எடுத்துப்போகக் கைசேரி நகரத்திலிருந்து வந்திருந்தார் ஹாசிப்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக ஜெவாத் தன் மனைவி நெர்மின் என்று நம்பி ஒரு கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றி வந்தான். போன வாரம் போனில் சொன்னார்கள்: மரபணு ஒத்துப்போய்விட்டது, அங்கே இருப்பது மேல்மாடியில் குடியிருந்த மாணவி, ஹாசிப்பின் மகள் இல்கின்.

"டாக்சி பிடிக்கட்டுமா ஐயா?"

"வேண்டாம் தம்பி. அந்தாக்யாவுல எங்கயும் நடந்தே போயிடலாம்ப்பான்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நடப்போம்."

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினார்கள். எங்கு பார்த்தாலும் கிரேன், சிமெண்ட் லாரி, தகர வேலி. பிறந்து வளர்ந்த ஊரில் ஜெவாத் இரண்டு தடவை வழி தப்பினான். திரும்ப வேண்டிய முனையில் இருந்த கடையே இல்லாதபோது எங்கே திரும்புவது?

"அவ வீடு?" என்றார் பெரியவர்.

ஜல்லி கொட்டிய வெற்றிடத்தைக் கை காட்டினான். நிலம் அதிர்ந்த அன்றிரவு அவன் ரொட்டிக்கடையில் வேலையில் இருந்தான்; அதனால் பிழைத்தான்.

கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு ஹாசிப் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. எதை வெச்சு உங்க சம்சாரம்னு சொன்னீங்க?"

"பச்சை ஸ்வெட்டர். நான் வாங்கிக் குடுத்தது. முகத்தை... பாக்கற மாதிரி இல்லைய்யா."

பெரியவர் நின்றுவிட்டார்.

"ரூம்ல ஹீட்டர் ஓடலப்பா, கீழ்வீட்டு அக்கா அவங்க ஸ்வெட்டரைக் குடுத்தாங்கன்னு சொன்னா. அதுதான் அவ கடைசியாப் பேசினது. அந்தம்மாவுக்கு நன்றி சொல்லுன்னேன்."

நெர்மின் இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லும்படியான பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றியிருக்காது. ஜெவாத் வேலியைப் பிடித்துக்கொண்டான். பெரியவர் அவன் முதுகில் கை வைத்தார். இருவரும் அழுதார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் ஒதுங்கி நின்றார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். அவன் நட்ட மல்லிகைச் செடி வேரோடு ஓரமாகக் கிடந்தது.

"செடியை நீங்க எடுத்துக்கங்க தம்பி."

"எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஹாசிப் புதுக் கஃபனில் சுற்றிய மகளோடு வண்டியில் ஏறிப் போனார். காலிக் குழியை ஆட்களோடு சேர்ந்து ஜெவாத்தும் மண் தள்ளி மூடினான்.

சாயங்காலம் மாமியார் பெஹியே இருந்த கன்டெய்னர் வீட்டுக்குப் போனான். அந்தக் கல்லறைக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. இன்று முகம் கழுவி, புதுத் தலைத்துணி கட்டியிருந்தாள்.

"என் பொண்ணு அங்க இல்லைன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?"

"அத்தை, நாளைக்கு நீங்க வந்து ரத்தம் குடுக்கணும். பேரில்லாத குழி இன்னும் இருக்கு. ஒவ்வொண்ணா ஒத்துப் பாப்பாங்க."

"குடுக்க மாட்டேன்."

"அத்தை..."

"நீ ஒரு தடவை அவளைப் புதைச்சே. நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ரெண்டாந்தடவைக்கு என் ரத்தத்தைக் கேக்கறியா?"

அவள் அடுப்பைப் பற்ற வைத்து, வீட்டில் இருவர்தான் இருந்தும் மூன்று பேருக்குக் கோதுமைச் சோறு வடித்தாள். அவன் தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான்.